கேம்ப் வாரத்து டயர்கள்

ரோண்டா கங்காஸின் பெயருக்கு எதிரே இரண்டு தாமதம் எழுதியாகிவிட்டது. மூன்றாவது எழுதினால் வேலை போய்விடும். பைன்ரிட்ஜ் முதியோர் இல்லத்துச் சமையலறையில் தலைமைச் சமையல்காரியாக அவள் சேர்ந்து நாற்பத்திரண்டு நாள் ஆகியிருந்தது. தொண்ணூறு நாள் சோதனைக் காலம். அதற்குள் மூன்று தாமதம் என்றால் காரணமெல்லாம் கேட்க மாட்டார்கள், கையைக் குலுக்கி அனுப்பிவிடுவார்கள். பதினொரு வருஷம் பள்ளிக்கூடச் சமையலறையில் இன்னொருத்தி சொன்ன அளவுக்கு உப்புப் போட்டுக்கொண்டிருந்தவள் அவள். நாற்பத்தெட்டு வயதில் இப்போதுதான், ஐம்பத்திரண்டு கிழவர் கிழவிகள் அந்த வாரம் என்ன சாப்பிடப் போகிறார்கள் என்பதை அவள் எழுதி, அவள் கையெழுத்துப் போட்டு, சாப்பாட்டு அறைச் சுவரில் மாட்டுகிறார்கள். அந்தக் காகிதத்தை அவள் ஒரு நாளைக்கு நான்கு தடவையாவது நின்று பார்ப்பாள். யாரிடமும் சொன்னதில்லை.

இரண்டு தாமதத்துக்கும் காரணம் சுரங்கமேடு.

அது ஊருக்கும் இல்லத்துக்கும் நடுவே குறுக்கே படுத்துக் கிடந்தது. பழைய தாமிரச் சுரங்கத்துக்குப் போட்ட பாதை. முக்கால் மைல்தான், ஆனால் சுவர் மாதிரி ஏற்றம். போதாததற்கு அடிவாரத்தில் ஒரு நிறுத்தப் பலகை வேறு. ஓடி வந்த வேகத்தில் ஏறலாம் என்றால் அதற்கும் வழியில்லை, நின்றுதான் கிளம்ப வேண்டும். அக்டோபர் கடைசியில் முதல் பனி விழுந்த அன்று அவள் கார் பாதி மேடு ஏறி, சக்கரம் வெறுமனே சுற்றி, வந்த வழியே சறுக்கி இறங்கியது. ஏரியைச் சுற்றி இருபத்திரண்டு மைல் போய்ச் சேர்ந்தாள். நவம்பர் முதல் வாரத்தில் மறுபடியும் அதே கூத்து. அன்றைக்கு இன்னும் மோசம், கால்வாசி மேட்டிலேயே கார் கையை விரித்துவிட்டது. மேற்பார்வை பார்க்கும் லின் அந்த இரண்டாவதை எழுதிவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினாள். "உன் சூப்பு எல்லாருக்கும் பிடிச்சிருக்கு ரோண்டா. அதுக்காக மூணாவத எழுதாம விட என்னால முடியாது" என்றாள்.

அதையாவது தாங்கிக்கொள்ளலாம். தாங்க முடியாதது வேறு ஒன்று. அந்த மேட்டில் பனி தள்ளுகிற லாரியை ஓட்டுகிறவன் அவள் புருஷன் க்ளென். வாத்தியார் பிள்ளை மக்கு என்பார்கள். பனி தள்ளுகிறவன் பெண்டாட்டி பனியில் மாட்டிக்கொண்டதை ஊர் எப்படிச் சொல்லிச் சிரிக்கும் என்று தனியாகச் சொல்ல வேண்டுமா.

"காலைல மூணு நடை வழிச்சேன்" என்றான் க்ளென் அன்று சாப்பாட்டு மேஜையில். "மணலும் தூவியாச்சு. அந்த ரோட்டுல ஏற முடியலன்னா கோளாறு கார்ல இல்ல. கால்ல இருக்கு. நீ ஆக்ஸிலேட்டர மிதிக்கிறது மிதிக்கிற மாதிரியா இருக்கு, கரப்பான்பூச்சிய நசுக்குற மாதிரி இருக்கு."

"டயர் மொட்டை, க்ளென்."

"அதத்தான் பாத்துக்கிட்டு இருக்கேன்ல."

பார்த்துக்கொண்டுதான் இருந்தான். செப்டம்பரிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தான். அதற்கென்று ஒரு நோட்டு போட்டு, பக்கத்துக்குப் பக்கம் கோடு கிழித்து, டயர் பெயர், விலை, எத்தனை மைல் ஓடும், எவன் என்ன சொன்னான் என்று எழுதி வைத்திருந்தான். வாரத்துக்கு ஒரு டயர் மேல் அவனுக்குக் காதல் வரும். அடுத்த வாரம் முன்பின் தெரியாத எவனோ ஒருவன் இணையத்தில் அதைக் குறை சொல்லியிருப்பான், காதல் முறிந்துவிடும். வருஷம் முழுக்க ஓட்டுகிற டயர் வாங்கலாம் என்று ரோண்டா சொன்னால், "அது ரெண்டுங்கெட்டான், வெயில்லயும் உதவாது பனியிலயும் உதவாது" என்பான். சரி, பனிக்கென்றே தனி டயர் வாங்கு என்றால், "எட்டு டயர வாங்கி நாலு எங்க அடுக்குறது, என் தலைலயா" என்பான். இவன் ஆராய்ச்சி முடிவதற்குள் அவள் கார் டயர், கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதையாகிவிட்டது.

டயர் வாங்கத்தான் கை வரவில்லை. மணல் மூட்டை ஏற்றக் கை வந்தது. நவம்பர் முதல் தேதி வந்தால் அந்த ஊரில் ஆண்பிள்ளைகள் எல்லாரும் காரின் டிக்கியில் மணல் மூட்டை ஏற்றுவார்கள். மூட்டைக்கு அறுபது பவுண்டு, காருக்கு நான்கு மூட்டை. அவர்கள் அப்பன்மார் ஏற்றினார்கள், இவர்களும் ஏற்றினார்கள். பாரம் இருந்தால் கார் தரையைப் பிடிக்கும் என்பது அவர்கள் வேதம். அந்த மாதம் முழுக்க ஊர்க் கார்கள் எல்லாம் வயிறு முட்டச் சாப்பிட்டவன் மாதிரி பின்புறத்தை இறக்கிக்கொண்டு ஓடும். க்ளென் ரோண்டாவின் காரில் நான்கையும் அடுக்கி, டிக்கியை ஒரு தட்டுத் தட்டி மூடி, "இனிமே பயமில்ல" என்றான். அதற்கு மூன்றாம் நாள்தான் அவள் கால்வாசி மேட்டில் நின்றாள்.

பதினாலாம் தேதி ஞாயிற்றுக்கிழமை அவன் காட்டுக்குள் மான் வேட்டைக் கேம்ப்புக்குக் கிளம்பினான். மறுநாள் வேட்டை தொடக்கம். பள்ளிக்கூடத்துக்கே அன்று விடுமுறை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். துப்பாக்கி, இரண்டு பெட்டி பியர், சீட்டுக்கட்டு, ஒரு வாரத்துக்கான இறைச்சி எல்லாம் அவன் பிக்கப் வண்டியில் ஏறியது.

"வெள்ளிக்கிழம பெரிய பனி வருதுன்னு சொல்றான்" என்றாள் ரோண்டா. "என் டயர்?"

"வந்து பாத்துக்கலாம்."

"எப்ப?"

"தேங்க்ஸ்கிவிங் பண்டிகை கழிஞ்சா தள்ளுபடி போடுவான். பத்து நாள் பொறு. செப்டம்பர்லேர்ந்து பொறுத்தாச்சு, பத்து நாள்ல என்ன ஆயிடும்?"

"என் வேல போயிடும்."

"போகாது. மெதுவா மிதி" என்று சொல்லிவிட்டு, அவள் கன்னத்தில் ஒரு முத்தம் கொடுத்துவிட்டுப் போய்விட்டான். முகத்தில் அறைந்திருந்தால்கூட அவளுக்கு அவ்வளவு கோபம் வந்திருக்காது.

அந்த ஊரில் ஒரு வழக்கம் உண்டு, ஆண்பிள்ளைகளுக்குத் தெரியாது. கேம்ப் வாரத்தில்தான் பெண்கள் முடிவெடுப்பார்கள். சோபா மாறும், சுவரின் நிறம் மாறும், கேம்ப்பிலிருந்து திரும்பிய புருஷன் நாலு நாள் கழித்து, இது எப்போது வந்தது என்று கேட்பான். திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு ரோண்டா சாலோ டயர் கடைக்குப் போனபோது அவளுக்கு முன்னால் இரண்டு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். கடைக்கு முதலாளி கேம்ப்பில் இருந்தான். அவன் தங்கை ஷெல்லி, ரோண்டாவோடு பள்ளியில் படித்தவள், அந்த ஒரு வாரம் கடைக்கு ராணி. வருஷம் முழுக்க விற்கிற டயரில் பாதி இந்த வாரத்தில்தான் விற்கும் என்று அவள் சொல்வாள்.

ஷெல்லி ஒரு சென்ட் காசு ஒன்றை எடுத்து, அதிலுள்ள லிங்கன் தலைகீழாக இருக்கும்படி டயரின் பள்ளத்தில் செருகினாள். நல்ல டயர் என்றால் தலை பள்ளத்துக்குள் மறையும், இதில் தலைமுடி முழுசாக வெளியே தெரிந்தது.

"டயர்ல பட்டனே இல்லையேடி, எல்லாம் தேஞ்சு போச்சு. லிங்கனுக்குத் தல குளிருது பாரு. இதுல எப்படி ஓட்டிக்கிட்டு வந்த?"

"கும்பிட்டுக்கிட்டே ஓட்டினேன். எனக்கு ஒரு நல்ல டயர் வேணும். வருஷம் முழுக்க ஓடணும், பனில ஏறணும், விலையும் கட்டுபடியாகணும். ஆராய்ச்சி மட்டும் பண்ணாத, அத வீட்டுல ஒருத்தன் பண்ணி முடிச்சிட்டான்."

ஷெல்லி மூன்று டயர்களை உருட்டிக்கொண்டு வந்து நிறுத்தினாள். "இது தொண்ணூத்தி நாலு டாலர். பக்கத்துல எம், எஸ்னு ரெண்டு எழுத்து இருக்கா? சேறு, பனி எல்லாத்துலயும் போகும்னு அர்த்தமாம். யார் சொன்னா? டயர் செஞ்சவனே சொல்லிக்கிறான். என் சமையல் நல்லாருக்குன்னு நானே சொல்லிக்கிற மாதிரி. குளிர் ஏறினா இந்த ரப்பர் கல்லு மாதிரி ஆயிடும், நகத்தால அழுத்திப் பாரு."

ரோண்டா அழுத்திப் பார்த்தாள். நகம்தான் வலித்தது.

"அது நூத்தி எழுபத்தொண்ணு. முழுக்கப் பனி டயர். அதுல சுவத்துலயே ஏறலாம். ஆனா ஏப்ரல்ல கழட்டணும், கோடையில ஓட்டினா அழிரப்பர் மாதிரி தேஞ்சு போகும். இந்த நடுவுல நிக்கிறது நூத்திப் பதினெட்டு. பக்கத்துல பாரு, மூணு முகட்டு மலை, நடுவுல ஒரு பனிப்பூ. அது சும்மா போட முடியாது, பனில ஓட்டிப் பரிசோதிச்சு ஜெயிச்சாதான் அந்தப் படம் போடலாம். வருஷம் பூரா கழட்ட வேண்டாம். உனக்கு இது போதும்டி."

"இவ்வளவுதானா?"

"வேற என்ன?"

"க்ளென் ரெண்டு மாசமா நோட்டு போட்டு எழுதிக்கிட்டு இருக்கான். நீ ரெண்டு நிமிஷத்துல முடிச்சிட்ட."

"நோட்டு எழுதினா டயர் வாங்க வேண்டாம்ல, அதான்" என்றாள் ஷெல்லி.

நடுவில் நின்றதை ரோண்டா எடுத்தாள். தன் சம்பளத்திலிருந்து கொடுத்தாள். கையெழுத்துப் போடும்போது, சமையல் பட்டியலில் கையெழுத்துப் போடுகிற அதே சந்தோஷம் வந்தது. ஷெல்லி ஜாக்கியைத் தள்ளிக்கொண்டு வெளியே போனவள் காரின் பின்னால் நின்று குனிந்து பார்த்தாள்.

"என்னடி இது, கார் இப்படிக் குந்திக்கிட்டு இருக்கு? டிக்கில என்ன வெச்சிருக்க?"

"மணல் மூட்ட. நாலு."

"இந்தக் கார எந்தச் சக்கரம் இழுக்குது?"

ரோண்டா யோசித்தாள். "முன்னாடி ரெண்டும்."

"அப்ப பாரத்த ஏன் பின்னாடி வெச்சிருக்க?"

ரோண்டா டிக்கியைத் திரும்பிப் பார்த்தாள். நாற்பத்தெட்டு வருஷமாக நவம்பர் முதல் தேதியைப் பார்த்தவளுக்கு இந்தக் கேள்வி ஒரு முறைகூடத் தோன்றியதில்லை.

"எல்லாரும் வெக்கிறாங்களே" என்றாள் கடைசியில்.

"எல்லாரோட அப்பனும் வெச்சிருந்தது பின் சக்கரம் தள்ளுற கார். அதுக்குப் பின்னாடி பாரம் வேணும், சரி. இது முன் சக்கரம் இழுக்குற கார். பின்னாடி ஏத்தினா முன்னாடி லேசாயிடும். மேட்டுல இன்னும் மோசம். நீ ஏத்தத்துல ஏற வேண்டிய சக்கரத்த நீயே தூக்கிப் பிடிச்சுக்கிட்டு இருக்க. சீசா பலகைல உக்காந்ததில்லையா நீ?"

"உங்க அண்ணனுக்குத் தெரியுமா இது?"

"அவன் பொண்டாட்டி கார்லயும் நாலு மூட்ட இருக்கு. டயர் கடை வெச்சிருக்கான். நான் சொன்னா, போடி, உனக்கு என்ன தெரியும்ங்கிறான்."

ரோண்டாவுக்குச் சிரிப்பு வரவில்லை. கால்வாசி மேட்டில் நின்ற காலை நினைவுக்கு வந்தது. கால்ல கோளாறு என்று சொன்ன வாய் நினைவுக்கு வந்தது. வீட்டுக்குப் போய், நான்கு மூட்டைகளையும் ஒவ்வொன்றாக இழுத்துப் போட்டு, கராஜ் மூலையில் உதைத்துத் தள்ளினாள். இடுப்பு பிடித்துக்கொண்டது. அப்படியும் பத்து மணி வேலைக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போதே இல்லத்தில் இருந்தாள்.

செவ்வாய்க்கிழமை ஐந்து அங்குலம் பனி விழுந்தது. அவள் பலகையருகே நின்று, மூச்சைப் பிடித்துக்கொண்டு, மெல்ல மிதித்தாள். கார் ஒரு முறை முனகியது. பிறகு நிலம் தெரிந்த எருமை மாதிரி நிதானமாக, எந்த அவசரமும் இல்லாமல், மேலே போயிற்று. உச்சியில் வண்டியை நிறுத்தாமலே அவள் ஸ்டீயரிங்கைத் தட்டிக் கொடுத்தாள். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஒரு டயருக்கு இவ்வளவு அழுகையா என்று அவளே தன்னைத் திட்டிக்கொண்டாள். அன்று மத்தியானம் சனிக்கிழமைப் பட்டியலில் பாஸ்டி என்று எழுதினாள். மாவுக்குள் மாட்டிறைச்சியும் உருளையும் ருட்டபேகாக் கிழங்கும் வைத்து மடித்துச் சுடுவது. முந்தைய சமையல்காரி கை வலிக்கும் என்று அதைச் செய்ததே இல்லையாம். பட்டியலைப் பார்த்த பழைய சுரங்கத் தொழிலாளிக் கிழவர் ஒருவர், கிழங்கு போடுவாளா, அல்லது ஏமாற்றிக் காரட் போடுவாளா என்று ஆள் விட்டு விசாரித்தார்.

வெள்ளிக்கிழமை சொன்னபடி பனி வந்தது. சாலைத்துறை கேம்ப்பில் இருந்த ஓட்டுநர்களை எல்லாம் திரும்பக் கூப்பிட்டது. க்ளென் மானும் இல்லாமல் மானமும் இல்லாமல், சீட்டில் வேறு தோற்றுவிட்டு, சாயங்காலம் வந்து இறங்கினான். வந்ததும் வராததுமாக அவன் கண் டயரில் விழுந்தது.

"என்ன இது?"

"டயர்."

"அது தெரியுது. யாரக் கேட்டு வாங்கின?"

"ஓட்டப் போறது யாரோ, அவளக் கேட்டு."

அவன் பனியில் மண்டியிட்டு உட்கார்ந்து, பட்டனைத் தடவி, பள்ளத்தில் விரலை விட்டு, மலைப் படத்தைப் பார்த்து, குறை தேடினான். கிடைக்கவில்லை. "பரவால்ல" என்று எழுந்தான், பல்லைப் பிடுங்கின மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு. "என் நோட்டுல பதினோராவது பக்கத்துல இருந்துச்சு இது. மூட்ட எங்க?"

"கராஜ்ல. அது இந்தக் காருக்கு ஆகாது. முன் சக்கரம் இழுக்குற காருக்குப் பின்னாடி பாரம் வெச்சா ஏறாது."

"யாரு சொன்னா? ஷெல்லியா? முப்பது வருஷமா பனி தள்றேன் நான். என் லாரில பின்னாடி எட்டு டன் மணல் இருக்கு, அதனாலதான் அது மேட்டுல நிக்குது."

"உன் லாரிய பின் சக்கரம் தள்ளுது க்ளென். என் கார முன் சக்கரம் இழுக்குது. இவ்வளவுதான் வித்தியாசம், வேற ஒண்ணும் இல்ல."

அவன் பதில் சொல்லவில்லை. ரோண்டா ஜெயித்துவிட்டதாக நினைத்தாள். க்ளென் பேசாமல் இருந்தால் ஒப்புக்கொண்டான் என்று அர்த்தமில்லை. இருபத்து மூன்று வருஷம் அவனோடு குடும்பம் நடத்தியும் அதை மறந்தது அவள் தப்புதான்.

சனிக்கிழமை விடிகாலையிலேயே அவன் லாரிக்குப் போய்விட்டு எட்டே காலுக்கு முட்டை சாப்பிட வந்தான். அவள் குளித்துவிட்டு வந்தபோது அவன் திரும்பவும் போயிருந்தான். அவள் காரின் மேல் இருந்த பனியெல்லாம் துடைத்து, என்ஜினைச் சூடேற்றி, சாலையைப் பார்க்கத் திருப்பி நிறுத்தியிருந்தான். வாயால் சொல்லத் தெரியாது, இப்படி ஏதாவது செய்வான் என்று அவளுக்கு மனசு இளகிவிட்டது. சமையல் கத்திகளைச் சுருட்டிக் கட்டிய கத்திச் சுருளை முன்சீட்டில் வைத்துக்கொண்டு கிளம்பினாள்.

பலகையருகே நின்று ஏறினாள். கார் ஏறியது, ஆனால் செவ்வாய்க்கிழமை ஏறிய மாதிரி இல்லை. பின்னால் யாரோ சட்டையைப் பிடித்து இழுப்பது போல் இருந்தது. பாதி மேட்டில், மேலிருந்து பனி லாரி இறங்கி வரவும், முன்னால் போன பிக்கப் ஒதுங்கி நின்றது. அவளும் நிற்க வேண்டியதாயிற்று. மறுபடி மிதித்தாள். சக்கரம் சுற்றியது. மெல்ல மிதித்தாள். மெல்லச் சுற்றியது. பழைய குருடி, கதவைத் திறடி. மணி ஒன்பது நாற்பத்தொன்று.

முதலில் ஷெல்லியைத்தான் திட்டினாள். மலையாம், பனிப்பூவாம், நூத்திப் பதினெட்டு டாலராம். பிறகுதான் கவனித்தாள், காரின் மூக்கு வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. இறங்கிப் போய் டிக்கியைத் திறந்தாள்.

உள்ளே ஒரு போர்வை அழகாக விரித்திருந்தது. விருந்தாளி வீட்டுக் கட்டில் மாதிரி. போர்வையை உருவினாள். நான்கு மூட்டைகள்.

ஐம்பத்திரண்டு பேர் பாஸ்டிக்குக் காத்திருக்கிறார்கள், மாவு பிசைய வேண்டும், சுவரில் அவள் கையெழுத்து தொங்குகிறது, இவன் போர்வை போர்த்தி வைத்திருக்கிறான். பின்னால் ஆறு கார்கள் வரிசையாக நின்றுவிட்டன. பனி லாரி எதிர்ப்பக்கமாக வந்து நின்றது. கண்ணாடி இறங்கியது.

"என்ன ஆச்சு?" என்றான் க்ளென் மேலிருந்து.

அவள் முன்சீட்டிலிருந்து கத்திச் சுருளை எடுத்து, இறைச்சி வெட்டும் கத்தியை உருவினாள்.

"ரோண்டா?"

அவள் அவனைப் பார்க்கவில்லை. முதல் மூட்டையைக் குறுக்கே கிழித்தாள். இரண்டு கையாலும் அணைத்துத் தூக்கிக்கொண்டு போய் இடது முன் சக்கரத்துக்கு அடியில் கொட்டினாள். இரண்டாவதைக் கிழித்து வலது சக்கரத்துக்குக் கொட்டினாள்.

"மூட்டைய ஏன் அறுக்குற, அடுத்த வருஷத்துக்கு ஆகும்ல" என்றான் க்ளென்.

அவள் மூன்றாவதையும் கிழித்தாள். பின்னால் நின்ற காரிலிருந்து ஒரு பெரியவர் தலையை நீட்டினார். "என்னப்பா க்ளென், மேட்டுல மணல் தூவுறது உன் வேலதானே? இப்ப வீட்டம்மாகிட்ட ஒப்படைச்சிட்டியா?" என்றார். வரிசையில் யாரோ ஹார்ன் அடித்துச் சிரித்தார்கள். க்ளெனின் காது பனித்தொப்பிக்குக் கீழே சிவந்தது.

நான்காவது மூட்டையை அவள் கிழிக்கவில்லை. அதை இழுத்துக்கொண்டு சாலையைக் கடந்து, லாரியின் படிக்கட்டில் தொப்பென்று போட்டாள். "இது உன்னுது. உன் வண்டில பின் சக்கரம்தான் தள்ளுது, நீ வெச்சுக்கோ."

திரும்பி வந்து காரில் ஏறி, மெல்ல மிதித்தாள். சக்கரம் மணலைக் கவ்வியது. கார் முனகியது, பிறகு ஏறியது. வழியில் ஒரு தடவைகூடச் சுற்றவில்லை. இல்லத்து வாசலில் வருகை அட்டையை எந்திரத்தில் செருகியபோது ஒன்பது ஐம்பத்தெட்டு. லின் அவள் கோட்டைப் பார்த்தாள். மார்பிலிருந்து முழங்கால் வரை மணல்.

"கடற்கரைக்குப் போயிட்டு வரியா?"

"நேரத்தப் பாரு லின். மணலப் பாக்காத."

பன்னிரண்டரைக்குப் பாஸ்டி எல்லாம் வெந்து மேஜைக்குப் போனபின் சமையலறைப் பின்கதவைத் தட்டும் சத்தம் கேட்டது. க்ளென் நின்றிருந்தான். கையில் அவளுடைய இறைச்சிக் கத்தி, துடைத்து, ஒரு துணியில் சுற்றி.

"பனிமேட்டுல விட்டுட்டுப் போயிட்ட."

வாங்கிக்கொண்டாள். உள்ளே வா என்று சொல்லவில்லை. அவன் காலை மாற்றி மாற்றி நின்றான்.

"அக்டோபர்ல நீ சறுக்கினப்போ மேட்டு உச்சில நான்தான் இருந்தேன்" என்றான். "லாரில இருந்து பாத்துக்கிட்டே இருந்தேன். பள்ளத்துப் பக்கமா சறுக்கின. நான் இறங்கினா உன் மேலயே வந்து மோதுவேன். ஒண்ணும் பண்ண முடியல. அதான், பாரம் இருந்தா நிக்கும்னு."

ரோண்டாவுக்குத் தெரியாது அது. அவன் அதை மூன்று வாரமாக வயிற்றில் வைத்துக்கொண்டு, வெளியே கரப்பான்பூச்சி ஜோக் அடித்துக்கொண்டிருந்திருக்கிறான். பாவமாக இருந்தது. அதைவிட அதிகமாக எரிச்சலாக இருந்தது.

"பயமா இருந்துச்சுன்னு சொல்லியிருக்கலாம்ல. அதுக்கு நோட்டும் வேண்டாம், போர்வையும் வேண்டாம். நாலு வார்த்தை. உன் மூட்டையால என் வேல போயிருக்கும் க்ளென். ரெண்டு நிமிஷம்தான் மிச்சம் இருந்துச்சு."

"தெரியும்."

"இனிமே என் கார்ல ஒரு கைக்குட்ட வெக்கிறதா இருந்தாலும் என்கிட்டக் கேக்கணும்."

"சரி."

அவள் அடுப்பிலிருந்து ஒரு பாஸ்டியை எடுத்துக் காகிதத்தில் சுற்றி அவன் கையில் வைத்தாள். அவன் போகவில்லை.

"என்ன?"

"அந்த டயரு" என்றான், கீழே பார்த்துக்கொண்டே. "உனக்கு முன்னாடி நின்ன பிக்கப்பு மேட்டுல திணறுச்சு. நீ பக்கத்துல நூல் பிடிச்ச மாதிரி போன. என் பிக்கப்பு அளவுல அது இருக்கான்னு ஷெல்லிகிட்ட ஒரு வார்த்த கேக்குறியா?"

"நீயே போய்க் கேளு."

"கேட்டா சிரிப்பாளே."

"ரெண்டு தடவ என்னப் பாத்து ஊரே சிரிச்சுது. நான் செத்தா போயிட்டேன்?" என்று சொல்லிவிட்டு ரோண்டா கதவைச் சாத்தினாள். அடுத்த வாரப் பட்டியல் எழுத வேண்டியிருந்தது.